ஃபைனல் செக்கிங்

ஜனவரி 8, திங்கள்

நூல் கடையில் ஓசியாகக் கொடுத்த டைரி வீணாகப் போகக் கூடாது என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். இவர், என் வீட்டுக்காரர், எடுத்துப் படிப்பார். கேட்டால் இல்லை என்று சத்தியம் செய்வார். அதனால் பக்கத்துக்கு நடுவில் என் தலைமுடி ஒன்றை வைத்திருக்கிறேன். முடி இடம் மாறியிருந்தால் ஆள் மாட்டினார்.

பத்தொன்பது வருடம் பனியன் கம்பெனியில் பழுதான பீஸைப் பொறுக்கித் தள்ளும் செக்கிங் வேலை பார்த்த இந்தப் பூங்கோதை இன்றைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவிநாசி ரோட்டில் ஒரு மாடி, நல்ல ஏசி. காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு விடுகிறார்கள். வாசலிலேயே போனை வாங்கிப் பூட்டிவிடுகிறார்கள். ஏன் பூட்ட வேண்டும் என்று கேட்டேன். மேனேஜர் மோகனசுந்தரம் சிரித்தார். கேட்ட கேள்விக்குச் சிரிப்பைப் பதிலாகக் கொடுக்கிறவரை நான் நம்புவதில்லை.

வேலை இதுதான். வானத்திலிருந்து சாய்வாக எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் வரும். மெஷின் ஏற்கெனவே ஓர் ஆளைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போட்டிருக்கும். அந்த ஆள் கையில் இருப்பது ஆபத்தான சாமானா இல்லையா என்று நாம் சொல்ல வேண்டும். ஆபத்து என்றால் சிவப்பு பட்டன், இல்லை என்றால் பச்சை. ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்கிறோம். எங்கேயோ வெளிநாட்டில் குடோன்களுக்குக் காவல் இருக்கும் மெஷினுக்கு இது பாடமாம். எல்லாம் பழைய படங்களாம்.

இருபது பேரில் பதினாறு பேர் செக்கிங்கிலிருந்து வந்தவர்கள். ஊரில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்கா பஞ்சம்? எங்களைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். ஏதோ இருக்கிறது.

ஜனவரி 11, வியாழன்

விஷயம் தெரிந்துவிட்டது. எங்களை எடுத்ததற்குக் காரணம் எங்கள் சந்தேகம்தான். மோகனசுந்தரம் சார் வாயாலேயே சொன்னார். படித்த பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் பச்சை போடுகிறார்களாம்.

நான் எழுந்து நின்று எங்கள் தொழில் நியாயத்தைச் சொன்னேன். நல்ல பீஸைத் தள்ளினால் ஒரு பீஸ்தான் போகும். கெட்ட பீஸை விட்டுவிட்டால் மொத்தக் கன்டெய்னரும் கப்பலில் திரும்பி வரும். அதனால் கண்ணுக்குச் சந்தேகம் பட்டால் தள்ளிவிட வேண்டும், யோசிக்கக் கூடாது. சார் அதை அப்படியே வெள்ளைப் பலகையில் எழுதிப் போட்டார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

பக்கத்து சீட் ஜெயமணி. முப்பத்தெட்டு வயது, ஓவர்லாக் டெய்லராக இருந்தவள். டெய்லருக்கும் செக்கிங்குக்கும் என்றைக்கும் ஆகாது. அவர்கள் தைத்ததை நாங்கள் தள்ளுவோம், அவர்கள் எங்களை வைவார்கள். இவளும் என் சிவப்பைப் பார்த்தால் உச்சுக்கொட்டுகிறாள்.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் லீவு முடிந்தது. முடி அதே இடத்தில் இருக்கிறது. அப்படியானால் இவர் முடியைப் பார்த்துவிட்டு, படித்து முடித்துத் திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறார்.

ஜெயமணி ஒரு படத்துக்குப் பச்சை போட்டிருக்கிறாள். அதே படத்துக்கு நான் சிவப்பு. ஏன் என்று கேட்டால், மாட்டை ஓட்டுகிற குச்சி மாதிரி இருந்ததாம். மாடு எங்கே என்றேன். படத்துக்கு வெளியே இருக்கும் என்றாள். இப்படி இல்லாத மாட்டையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வேலை நடக்குமா? நன்றாகக் கொடுத்தேன் நாலு வார்த்தை. எங்கள் இரண்டு பேருக்கும் படம் ஒத்துப்போகவில்லை என்றால் டீமின் மதிப்பெண் இறங்கும். மதியத்துக்கு மேல் அவளும் சிவப்பு போட்டாள். என்னை எட்டிப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது சட்டம்தான். யார் கண்டுகொள்கிறார்கள்?

ஜனவரி 24, புதன்

ஒரு தெரு அடிக்கடி வருகிறது. முனையில் ஒரு மரம், பக்கத்தில் மொட்டை மாடி, மாடியில் துணிக் கொடி. நான் ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் துணியைத்தான் பார்ப்பேன், பழக்கம் அப்படி. நேற்று அந்தக் கொடியில் நாலு சட்டை, ஒரு பெரிய போர்வை. போர்வை காற்றில் தூக்காமல் கனமாகத் தொங்கியது, ஈரம். இன்றைக்குப் போர்வை அதே இடத்தில் பறந்துகொண்டிருந்தது. சட்டைகளை எடுத்துவிட்டிருந்தார்கள்.

பழைய படங்கள் என்றால் இப்படி ஒவ்வொரு நாளாக வரிசையில் ஏன் வர வேண்டும்? சாரிடம் கேட்டேன். பழைய படத்தையும் வரிசையாகத்தானே கொடுப்பார்கள் என்றார். அதுவும் சரிதான். ஆனால் சொல்லும்போது மூக்கைத் தடவினார்.

ஜனவரி 25, வியாழன்

போர்வையை எடுத்துவிட்டார்கள். இன்றைக்குக் குழந்தைத் துணி.

பிப்ரவரி 6, செவ்வாய்

எனக்கு ஃபைனல் சீட் கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாத படம் என்னிடம் வரும். நான் சொல்வதுதான் முடிவு. நேரம் ஆறு விநாடி. அதற்குள் நான் எதையும் அமுத்தவில்லை என்றால் மெஷின் போட்ட சிவப்பே நின்றுவிடும்.

இங்கிலீஷில் ஒரு பேப்பர் நீட்டினார். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் நானில்லை. தமிழில் சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு முடிவையும் ஒரு மனிதர் பார்த்துத் தன் புத்தியால் எடுக்கிறார் என்று எழுதியிருக்கிறதாம். எதற்கு இது என்றேன். வாங்குகிறவர்கள் நாட்டுச் சட்டத்துக்கு இப்படி ஒரு வரி வேண்டுமாம், மெஷினே முடிவெடுத்தால் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். மெஷினை நம்பாத ஆட்கள்! எனக்குப் பிடித்துப்போனது. போட்டேன்.

வீட்டில் சொன்னேன். இவருக்கு, துரைசாமிக்கு, சந்தோஷம்தான். ஆனால் ஒரு கேள்வி கேட்டார். குடோனுக்குக் காவல் இருக்கிற மெஷின் ஆளை அடையாளம் கண்டுபிடித்த பிறகு என்ன செய்யும்? சங்கு ஊதுமா? சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 14, புதன்

இன்றைக்கு நான் பார்த்த பார்வையை ஊரில் வேறு எவளும் பார்த்திருக்க முடியாது.

மொபெட் மாதிரி ஒரு வண்டி. ஓட்டுகிறவர் தோளில் நீளமாக ஒரு சாமான், ஆளை விட நீளம். பின்னால் இன்னொருவர் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஜெயமணி பச்சை, அதே படத்தைப் பார்த்த இன்னோர் ஆள் சிவப்பு. என்னிடம் வந்துவிட்டது. ஜெயமணி சீட்டிலிருந்தே எட்டிச் சொன்னாள்.

"அக்கா, துணி ரோலுங்க்கா அது. நம்மூர்ல எடுத்துட்டுப் போவாங்கல்ல."

துணி ரோலைப் பற்றி எனக்குச் சொல்லித்தருகிறாள்! ரோலைத் தோளில் போட்டால் இரண்டு பக்கமும் வளைந்து தொங்கும். இது வளையவே இல்லை. ரோட்டில் விழுந்த நிழலையும் பார்த்தேன், அதுவும் நேர்க்கோடு. உள்ளே இரும்பு இருந்தால்தான் அப்படி நிற்கும். இத்தனையும் நாலு விநாடியில் பார்த்தேன். சிவப்பு.

சார் மத்தியானம் எல்லார் முன்னாலும் இதைச் சொல்லிப் பாராட்டினார். ஜெயமணி கை தட்டவில்லை. பொறாமை.

பிப்ரவரி 15, வியாழன்

பால்காரர் தண்ணீர் கலக்கிறார். இன்றைக்கு நேராகவே கேட்டுவிட்டேன்.

பிப்ரவரி 22, வியாழன்

அந்தத் தெரு மறுபடியும் வந்தது. முனையில் மரம் இருக்கிறது. அதைத் தாண்டி ரோட்டில் வட்டமாக ஒரு பள்ளம். மொட்டை மாடி வீட்டில் பாதி இல்லை, கொடி இல்லை.

வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள் போலிருக்கிறது. ரோட்டில் குழாய் பதிக்கத் தோண்டியிருப்பார்கள். நம் ஊரில் தோண்டாத ரோடா?

ஜெயமணியிடம் சொல்லவில்லை. அவளாகவே அதைப் பார்த்திருக்கிறாள். டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, இது அந்த வண்டி போன தெருதானுங்க?" என்றாள். எனக்கு ஞாபகமில்லை என்று சொன்னேன்.

மார்ச் 3, ஞாயிறு

இவர் அக்கா மகன் கல்யாணத்துக்குத் துணி எடுக்க ஈரோட்டுச் சந்தைக்குப் போனோம். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

கடைக்கு வெளியே ஒருத்தர் மொபெட்டில் வந்து இறங்கினார். தோளில் துணி ரோல், ஆளை விட நீளம். வளையவில்லை. விறைத்துக்கொண்டு நேராக நின்றது. ரோட்டில் அதன் நிழலும் நேராகத்தான் விழுந்தது. நான் போய் அதைத் தொட்டுப் பார்த்தேன், அவர் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தார். உள்ளே என்ன என்று கேட்டேன்.

"அட்டைக் குழாய்ங்க. ஜன்னல் திரைத் துணிங்க இது, தறித் துணி. மடிப்பு விழாம இருக்கோணும்னு குழாய்ல சுத்திக் குடுப்பாங்க."

எங்கள் ஊரில் ஓடுவது பனியன் துணி. பொதபொதவென்று இருக்கும், தொங்கும். நான் பத்தொன்பது வருடமாகப் பார்த்தது அதைத்தான். உலகத்தில் இருக்கிற துணியெல்லாம் பனியன் துணி என்று நினைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். கல்யாணச் சேலை கலர் பிடிக்கவில்லையா என்று இவர் கேட்டார்.

மார்ச் 4, திங்கள்

வேலைக்குப் போனேன். பச்சை, பச்சை, பச்சை. இரண்டு தடவை விரல் போகாமல் ஆறு விநாடி தாண்டிவிட்டது. தானாகச் சிவப்பாகிவிட்டது.

மார்ச் 12, செவ்வாய்

சென்னையிலிருந்து மிருணாளினி என்று ஒரு வக்கீல் வந்திருந்தார். கம்பெனி வக்கீல். என்னை மட்டும் தனி அறைக்குக் கூப்பிட்டார்கள். மோகனசுந்தரம் சார் எனக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். அவர் கையால் காபி என்றதுமே டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டேன்.

மேசையில் அந்தப் படம். மொபெட், தோளில் ரோல்.

வக்கீலம்மா மறைக்காமல்தான் பேசினார். அதை எனக்காகச் செய்யவில்லை, வேறு வழியில்லாமல் செய்தார். அங்கே சண்டை நடக்கிறது. படம் பழைய படமில்லை. முடிவு சிவப்பு என்று போன பிறகு, மேலே சுற்றிக்கொண்டிருக்கிற சாமான் யாரையும் கேட்காமல் தானே இறங்கி அடிக்கும். வண்டி ஓட்டியவர் ஜன்னல் திரை விற்கிற கடைக்காரர், அங்கேயே இறந்துவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்தது அவர் தங்கை. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போயிருக்கிறாள். கொன்றது மனிதனா மெஷினா என்று அந்தக் கோர்ட் கேட்கிறது. மெஷின் தானாக முடிவெடுத்திருந்தால் அது சட்டத்துக்கு விரோதம், கம்பெனியும் மாட்டும். மனிதர் பார்த்து முடிவெடுத்திருந்தால் போரில் நடந்த தவறு, அதோடு போய்விடும்.

"பட்டனை நீங்க அமுத்தினீங்களா, இல்ல டைம் முடிஞ்சு தானா போயிடுச்சான்னு பதிவுல தெளிவா தெரியலம்மா. நீங்கதான் சொல்லணும்."

ஒரு பேப்பரை என் பக்கம் தள்ளினார். படத்தை நன்றாகப் பார்த்து, போதிய நேரம் எடுத்துக்கொண்டு, என் சொந்தத் தீர்மானத்தில் முடிவெடுத்தேன் என்று தமிழிலேயே அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். எனக்கு ஒரு கெடுதலும் வராது, கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று சார் மூன்று தடவை சொன்னார். நாளை மறுநாள் வரை நேரம் கேட்டேன்.

அவர் பெயர் என்ன என்றும் கேட்டேன். வக்கீலம்மா ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். படத்துக்கு நம்பர்தான் இருந்தது.

மார்ச் 13, புதன்

லீவு போட்டேன். இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார், கை காய்ந்துபோனது.

"நேரம் தாண்டிப் போச்சு, மெஷினே போட்டுக்கிச்சுன்னு சொல்லிரு புள்ள. யாரு பாத்தா? அந்தப் பொண்ணுக்கும் நாயம் கெடைக்கும். உனக்கும் இந்தப் பாவம் ஒட்டாது."

நல்ல யோசனைதான், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் பொய் சொன்னால் அந்தப் பெண் கேஸில் ஜெயிப்பாள், நானும் தப்பித்துக்கொள்வேன். உண்மை சொன்னால் கம்பெனி தப்பிக்கும். உண்மையை இவர்கள் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்கள் என்றால் உண்மையிலேயே ஏதோ கோளாறு இருக்கிறது.

ஆனால் அமுத்தினேன். விரல் எனக்குத் தெரியும். பெருமையோடு அமுத்தினேன், இந்த டைரியில் எழுதியும் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கப் பார்த்தேன், கை வரவில்லை.

ஜெயமணிக்குப் போன் போட்டேன். துணி ரோல் என்று நீ சொன்னதை எழுதப்போகிறேன் என்றேன். அவள் சொன்னாள்:

"எழுதுங்க்கா. ஆனா நான் அப்பறம் உங்களைப் பாத்து சிவப்பு போட்டதையும் சேத்து எழுதுங்க."

மார்ச் 14, வியாழன்

அவர்கள் அடித்து வைத்திருந்த பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெள்ளைத் தாள் வாங்கி என் கையால் எழுதினேன். பட்டனை அமுத்தியது நான்தான். எடுத்துக்கொண்டது நாலு விநாடி, கொடுத்தது ஆறு. பக்கத்தில் இருந்தவர் துணி என்று சரியாகச் சொன்னார், நான் கேட்கவில்லை. படம் பழையது என்று எங்களிடம் சொன்னார்கள். ஆள் சாவான் என்று சொல்லவில்லை. தனித்தனியாகப் பார்க்க வேண்டிய நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துப் போட்டோம். சந்தேகம் வந்தால் தள்ளச் சொல்லிக் கொடுத்தது நான், பலகையில் எழுதிப் போட்டது மேனேஜர்.

வக்கீலம்மா படித்துவிட்டு, முதல் வரி போதும், மற்றதெல்லாம் தேவையில்லை என்றார். மற்றதை எடுத்தால் முதல் வரியும் பொய்யாகிவிடும் என்றேன். கையெழுத்தைக் கடைசியில்தான் போடுவேன் என்றும் சொன்னேன்.

பிறகு நான் கேட்டேன். எங்கள் தொழிலில் ஒரு பெட்டியில் ஒரு பீஸ் தப்பாகப் பாஸாகியிருந்தால், அந்த ஒரு பீஸோடு விட மாட்டோம். அதைப் பாஸாக்கிய ஆள் பார்த்த அத்தனை பெட்டியையும் பிரித்துப் பார்ப்போம். நான் ஃபைனல் சீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து போட்ட எல்லாச் சிவப்பையும் எடுங்கள். நானே உட்கார்ந்து திரும்பப் பார்க்கிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை, சம்பளமும் வேண்டாம்.

மோகனசுந்தரம் சார் வக்கீலம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா பேனாவை மூடினார்.

"புகார் வந்தது இந்த ஒண்ணுக்குத்தாம்மா."

எத்தனை சிவப்பு போட்டேன் என்று எனக்கே தெரியாது. புகார் கொடுக்க ஆள் மிஞ்சாதவர்களைப் பற்றி யார் கேட்பார்கள் என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆறு விநாடிக்கு மேலேயே ஆகியிருக்கும்.

எழுதியதன் கடைசியில், மற்றப் படங்களைக் காட்டச் சொன்னேன், காட்டவில்லை என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு நகல் வேண்டும் என்றேன். தர மாட்டேன் என்றார்கள். அதனால் நினைவில் இருக்கும்போதே மேலே எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தங்கையின் வக்கீல் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும். என் தாளை இவர்கள் கோர்ட்டில் கொடுப்பார்கள் என்று நான் நம்பவில்லை. வீட்டில் இவர் முதல் தடவையாக டைரியை என் எதிரிலேயே எடுத்துப் படித்தார்.

மார்ச் 18, திங்கள்

வேலை போய்விட்டது. ஜெயமணியும் நின்றுவிட்டாள். வெளிநாட்டுக் கோர்ட்டுக்கு எழுதிப் போட, இங்கிலீஷ் தெரிந்த பையன் யாராவது இருக்கிறானா என்று அவள் சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பார்க்கிறாள்.

மார்ச் 25, திங்கள்

கம்பெனியில் புதிதாக ஆள் எடுக்கிறார்கள் என்று பஸ் ஸ்டாப்பில் பேசிக்கொண்டார்கள். காலையிலேயே போய் வாசலுக்கு வெளியே நின்றேன். பதினோரு பெண்கள். எல்லாரும் செக்கிங். இரண்டு பேர் என்னோடு பழைய கம்பெனியில் வேலை பார்த்தவர்கள், ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். குடோன் இல்லை, சண்டை. படம் பழையதில்லை. சிவப்பு போட்டால் ஆள் சாவான், நான் போட்டு ஒருத்தர் செத்தார், எனக்குத் தெரிந்தது அந்த ஒருத்தர்தான். செக்யூரிட்டி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. போகாமல் இருந்தால் நல்லது, போய்த்தான் ஆக வேண்டும் என்றால் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும் பச்சையை அமுத்துங்கள் என்றேன்.

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி, நாற்பது வயது இருக்கும், டிபன் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"பச்சையே போட்டுட்டு இருந்தா, எங்களை எதுக்குங்க்கா வெச்சுக்குவாங்க?"

ஆறு மணிக்குக் கதவைத் திறந்தார்கள். பதினோரு பேரும் போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள்.